“இந்த வருஷம் இல்லை” என்றாள் யான்டினா

எங்கள் குரோனிங்கன் பக்கத்து ஆட்களுக்கு வாயில் பாராட்டு சுலபமாக வராது. விருந்து பிரமாதமாக இருந்தால் “மோசமில்ல” என்பார்கள். மகள் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டால், “இதைவிட மோசமாவும் போயிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காப்பியை உறிஞ்சுவார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே கறார்க்காரி என்று பெயர் எடுத்தவள் யான்டினா வீர்ட்செமா. வங்கி மேலாளர் ஒருவர் அவளுடைய தொழில் திட்டத்தைப் புகழ்ந்து பேச ஆரம்பித்தபோது, “நீங்க இதைப் படிக்கவே இல்லன்னு தெரியுது, படிச்சுட்டுக் கூப்பிடுங்க” என்று எழுந்து வந்துவிட்டாள். அவர் உண்மையிலேயே படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

டெல்ப்சைல் துறைமுகத்துக்குப் பின்புறம் அவளுக்குத் தார்ப்பாய்த் தொழிற்சாலை இருந்தது. லாரிக்கு, படகுக்கு, வைக்கோல் போருக்கு என்று எல்லாவற்றுக்கும் மூடி தைத்தார்கள். மாமனாரின் காலி மாட்டுத்தொழுவத்தில் ஒற்றைத் தையல் மிஷினோடு ஆரம்பித்த தொழில். அது பெரிதானபோது புருஷனின் தம்பியையே வேலையிலிருந்து அனுப்ப வேண்டி வந்தது. முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு வந்து, எனக்கு அந்த வேலை வரவில்லைதான் அண்ணி என்று சொல்லி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான். அவள் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். கோபப்பட்டவர்கள்கூட அதற்காகத்தான் திரும்பி வந்தார்கள்.

அறுபதைத் தாண்டியதும் தொழிற்சாலையை விற்றாள். தெற்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் பழைய ஆட்கள் போன் செய்து எதையாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நீலத் துணி எந்த அலமாரியில், இந்த வாடிக்கையாளருக்கு எப்படிப் பேசினால் பிடிக்கும் என்றெல்லாம். மெல்ல அதுவும் நின்றது. அவள் புருஷன் ஹெம்மோ தோட்டத்து உருளைக்கிழங்கும் பழைய படகுமாக நிம்மதியாக இருந்தான். அவளுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. ஜன்னலைத் துடைத்தாள், ஹெம்மோவின் படகுக்குத் தேவையே இல்லாமல் இரண்டாவது மூடி தைத்தாள், பிறகு தைக்கவும் ஒன்றும் இல்லாமல் போனது.

அப்போதுதான் நான் அவளை எங்கள் கட்டடத்துக்கு வரச்சொன்னேன். இருவருக்கும் டெல்ப்சைலுக்குப் பக்கத்து ஊரான ஆப்பிங்கெடாமில் ஒரே தெரு. நான் குரோனிங்கன் நகரில் ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் வேலை பார்த்தேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் அங்கே அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாவி, காப்பி, தகராறு எல்லாம் என் பொறுப்பு. வியாழக்கிழமைதோறும் அனுபவப்பட்ட முதலாளிகள் சிலர் சம்பளம் வாங்காமல் வந்து அந்தப் புதியவர்களோடு உட்கார்ந்து யோசனை சொல்வார்கள். யான்டினா வந்த முதல் நாளே ஒரு பையனிடம், “உன் கம்பெனியில லோகோ இருக்கு, பேர் இருக்கு, டீ-ஷர்ட் இருக்கு. விக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டாள். அவன் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடியும் பள்ளி வாத்தியார் வேலைக்குப் போனான். அடுத்த புத்தாண்டுக்கு அவளுக்கு ஒரு டப்பா எண்ணெய்ப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தான்.

ஃபெம்கேயும் யோரிட்டும் வந்தது அதற்குப் பிறகு. இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. கல்லூரி நண்பர்கள், காதலர்கள் இல்லை. ஃபெம்கே வடிவமைப்பு படித்தவள், விறுவிறுப்பானவள், கோபமும் சிரிப்பும் அடுத்தடுத்து வரும். யோரிட் கம்பியை வளைத்தும் பற்றவைத்தும் எதையும் செய்துவிடுவான், பேச்சு குறைவு. நடக்க முடியாத பெரியவர்கள் கடைகண்ணிக்கு ஓட்டிப்போகும் சின்ன மின்வண்டிக்கு மடக்கி விரிக்கிற மழைக்கூரை ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் வண்டியுமாக நனைந்துகொண்டு போகிற கிழவர்களைப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த யோசனை பிடித்துவிடும்.

யான்டினா கூரையைப் பார்த்ததும் துணியைத்தான் தொட்டாள். விரலால் நீவி, மடிப்பைப் பிரித்து, தையலை இழுத்துப் பார்த்தாள். “பக்கக் காத்து அடிச்சா இது பாய்மரம் ஆயிடும். உங்க பாட்டன் கால்வாய்க்குள்ள போயிடுவாரு” என்றாள். ஃபெம்கே முகம் விழுந்தது. யோரிட் மட்டும், அப்படியானால் காற்றுக்கு வழிவிட எங்கே வெட்டலாம் என்று கேட்டான். அன்று மதியச் சாப்பாட்டை மறந்து மூவரும் தரையில் உட்கார்ந்து துணியை வெட்டினார்கள். நான் கடுகு சூப்பை வைத்துவிட்டு வந்தேன். அது அப்படியே ஆறியது.

அடுத்த வாரம் அவள் வீட்டிலிருந்து தையல் மிஷினை ஹெம்மோவின் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு வியாழக்கிழமை மட்டும் என்பது போய்த் திங்களும் வந்தாள். மசாலா கேக் வெட்டிக் கொண்டுவருவாள். யோரிட் அவளை “முதலாளியம்மா” என்று கிண்டல் செய்வான், அவள் “என்னடா தொழிலாளி” என்பாள். ஃபெம்கே அவளை முதல் மாதத்திலேயே நீ, வா, போ என்று பேச ஆரம்பித்துவிட்டாள். யான்டினாவுக்கு அதுதான் பிடித்தது. சாயங்காலம் இருவரும் ஒன்றாக ரயிலில் ஊர் திரும்பும்போது அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. ஃபெம்கே என்ன சொன்னாள், யோரிட் எந்த இணைப்பை மாற்றினான், கூரை எப்படி இரண்டே அசைவில் மடங்குகிறது. ஒரு நாள் “அருமையா வந்திருக்கு” என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

கூரை நன்றாகத்தான் வந்தது. விற்பனைதான் ஆகவில்லை. முதியோர் இல்லங்களுக்கு எடுத்துப்போய்க் காட்டினார்கள். கிழவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள், காப்பி கொடுத்தார்கள், யாரும் வாங்கவில்லை. வண்டி அவர்களுடையதே இல்லை என்பது காரணம். நகராட்சி கொடுக்கும் வண்டி. நகராட்சிக்கு வண்டிகளை ஏற்பாடு செய்து பராமரிப்பது ஒரு பெரிய விநியோகக் கம்பெனி. அந்தக் கம்பெனி சரி என்று சொல்லாமல் அதில் ஒரு கூடையைக்கூட மாட்டக் கூடாது. ஆக, வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான். அந்தக் கம்பெனியில் கொள்முதலைப் பார்த்துக்கொண்ட பூலென்ஸ் என்பவர் யான்டினாவுக்குப் பழைய பழக்கம். ஒரு காலத்தில் அவளிடம் தார்ப்பாய் வாங்கியவர். நான் பேசுகிறேன் என்று அவளே முன்வந்தாள்.

அந்தப் போன் பேச்சைப் பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். மாடிப்படி ஜன்னல் ஓரத்தில் நின்று பேசியிருக்கிறாள். பூலென்ஸ் சுற்றி வளைக்கவில்லை. இதேபோன்ற ஒன்றை அவர்கள் ஏற்கெனவே போட்டுப் பார்த்து, வண்டிகள் கவிழ்ந்து, எல்லாவற்றையும் கழற்றி எடுத்திருக்கிறார்கள். இனி எந்தக் கூரையும் கிடையாது என்று மேலிடத்தில் முடிவே செய்துவிட்டார்கள்.

“காத்துக்கு வழிவிட்டிருக்கோம் பூலென்ஸ், ஒருதடவை வந்து பாரு” என்றிருக்கிறாள்.

“தங்கத்துல செஞ்சிருந்தாலும் வேண்டாம் யான்டினா. இந்த வருஷம், அடுத்த வருஷம்னு இல்ல, எப்பவுமே வேண்டாம். அந்தப் பிள்ளைங்ககிட்ட தெளிவா சொல்லிடு. நீ சொன்னா கேட்டுக்குவாங்க.”

அவள் படியிறங்கி வந்தாள். அறைக்குள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜையில் அவளுக்குக் காப்பி ஊற்றி வைத்திருந்தது. தட்டு போட்டு மூடியிருந்தது, ஆறக்கூடாது என்று. ஃபெம்கே புருவத்தை உயர்த்தினாள்.

“இந்த வருஷம் இல்லையாம்” என்றாள் யான்டினா.

“அப்ப அடுத்த வருஷம்?”

“பார்க்கலாம்.”

யோரிட் தலையாட்டிவிட்டு மறுபடியும் கம்பியை எடுத்தான். ஃபெம்கே பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். பொய்யென்று சொல்லிவிட முடியாத மாதிரி வந்து விழுந்துவிட்டது என்று யான்டினா பிற்பாடு சொன்னாள். காப்பியைக் குடித்து முடித்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறாள். குடித்து முடித்தபோது ஃபெம்கே அடுத்த வருஷத்துக்கான திட்டத்தைப் பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வியாழன் சொல்லலாம் என்று கிளம்பினாள். அடுத்த வியாழன் யோரிட்டின் பிறந்தநாள். அதற்கு அடுத்த வியாழன் என்ன தடை என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. தடை ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது; அவளும் தேடிக்கொண்டே இருந்தாள்.

அப்படியே குளிர்காலம் போய்விட்டது. ஃபெம்கேயுடன் சேர்ந்து வாழ்ந்த மெல்லெ என்ற பையனுக்கு நார்வேயில் பெர்கன் நகரத்தில் வேலை கிடைத்தது. நல்ல வேலை, பேசாமல் இருவரும் போகலாம் என்றான். ஃபெம்கே தூங்காத முகத்தோடு வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யான்டினாவிடம் நேராகக் கேட்டாள்.

“நீ என் இடத்துல இருந்தா போவியா?”

யான்டினா துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. “அது நீயே முடிவு பண்ண வேண்டியது” என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போதும். ஃபெம்கே தரையில் கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள். அந்த நேரத்தில் அடுத்த வியாழக்கிழமை அறை எப்படி இருக்கும் என்று யான்டினாவுக்குத் தோன்றியிருக்கிறது. விளக்கு அணைந்து, மிஷின் ஓரமாக, மேஜையில் ஒன்றும் இல்லாமல். “ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப விட்டா, பின்னால மனசு கேக்காது” என்றாள்.

மெல்லெ தனியாகப் போனான். கொஞ்ச காலம் விமானத்தில் வந்து போய்க்கொண்டிருந்தான், பிறகு போனோடு நின்றது, பிறகு அதுவும் இல்லை. ஃபெம்கே அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கோடை வந்தால் பூலென்ஸ் பார்ப்பார், பார்த்தால் வாங்குவார், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையும் போனது. பூலென்ஸுக்கு நேரமில்லை, ஆள் மாறுகிறார்கள், கொஞ்சம் பொறுக்கலாம் என்று யான்டினா ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சொன்னாள். முதலில் சொன்னதற்கு முட்டுக்கொடுக்க மேலும் மேலும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ரயிலில் அவள் பேச்சு குறைந்துவிட்டது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். வயசாகிறது என்றாள்.

அடுத்த வசந்தத்தில் உத்ரெக்ட் நகரத்தில் மருத்துவ உபகரணக் கண்காட்சி நடந்தது. ஃபெம்கே தனியாகப் போனாள். அங்கே பூலென்ஸ் நின்றுகொண்டிருந்தார். அவள் தானே போய்க் கைகொடுத்து, நாங்கள்தான் அந்தக் கூரைக்காரர்கள், யான்டினாவின் ஆட்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் பாவம், நல்ல மனிதர். நீங்கள் இன்னுமா அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஆச்சரியப்பட்டுவிட்டார். எப்போதுமே வேண்டாம் என்று அப்போதே யான்டினாவிடம் சொல்லிவிட்டேனே என்றார்.

வியாழக்கிழமை காலை நானும் யான்டினாவும் ரயில் இறங்கிக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது ஃபெம்கே என் மேஜைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன், நீங்கள் இருங்கள் என்றாள்.

“பூலென்ஸைப் பார்த்தேன்” என்றாள் யான்டினாவிடம்.

யான்டினா கைப்பையைக் கீழே வைத்தாள்.

“அவர் என்ன சொன்னார்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அந்த ‘நீங்க’ யான்டினாவின் முகத்தில் அறைந்ததை நான் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருந்தாள். எங்கள் ஊரில் நீ என்று பேசிப் பழகிய ஒருவரை மறுபடியும் நீங்க என்று கூப்பிட்டால், அதற்கு மேல் வைவதற்கு ஒன்றும் இல்லை.

“எப்பவுமே வேண்டாம்னு சொன்னார்” என்றாள் யான்டினா. “நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

“ஏன்?”

யான்டினா, உங்கள் மனது உடையக்கூடாது என்றுதான், என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“இல்ல. அதுக்காக இல்ல. நீங்க ரெண்டு பேரும் மூடிட்டுப் போயிட்டா எனக்கு வர்றதுக்கு இடம் இல்ல. அதான்.”

ஃபெம்கே அழவில்லை. “நான் உங்ககிட்ட வந்து கேட்டேன். பெர்கனுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். மத்தவங்க என் மனசு நோகாம பூசி மெழுகிடுவாங்க, நீங்க மட்டும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவீங்கன்னுதான் உங்ககிட்ட கேட்டேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும்” என்று சொல்லிவிட்டு ஃபெம்கே வெளியே போனாள். அவள் சைக்கிள் பூட்டைத் திறக்க முடியாமல் திரும்பத் திரும்ப இழுப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. யான்டினா உதவிக்குப் போக ஓர் அடி வைத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

அந்த மாதமே அறையைக் காலி செய்தார்கள். யோரிட்தான் சாமான்களை எடுக்க வந்தான். யான்டினா அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் கூரைக் கம்பிகளைக் கட்டிக்கொண்டே, எனக்கு எப்போதோ தெரியும் என்றான். பூலென்ஸ் சொன்னது தெரியாது. ஆனால் ஒரு கிழவர்கூட இரண்டாவது முறை போன் செய்யவில்லையே, அதிலேயே புரிந்துவிட்டது. வேலை பிடித்திருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை என்றான். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. மன்னிக்க வேண்டியவள் ஃபெம்கே, அவன் இல்லையே.

ஃபெம்கேயின் வீட்டுக்கும் போனாள். மழை. மணியை அடித்ததும் ஃபெம்கே கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. யான்டினா வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். தவறு, பெரிய தவறு, எனக்குத் தெரிந்த கம்பெனிகளில் வேலைக்குச் சொல்கிறேன், என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று. ஃபெம்கே கடைசிவரை கேட்டாள். “உங்க மனசு ஆறணும்னு நான் ஒண்ணும் செய்ய முடியாது. அதை நீங்களே பார்த்துக்கோங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை, சாதாரணமாகச் சாத்தினாள். அதுதான் அதிகம் வலித்தது என்றாள் யான்டினா.

ஹெம்மோவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தானாம். நிறுத்தாமல் உரித்தான். “வியாழக்கிழமை காலையில நீ குளிக்கும்போது விசிலடிப்ப. தொழிற்சாலை வித்ததுக்கப்புறம் நீ விசிலடிச்சு நான் கேட்டதில்ல. எதையாவது கேட்டா நின்னுடுமோன்னு நானும் கேக்கல” என்றானாம். அவ்வளவுதான் அவன் சொன்னது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை, அவனும் வற்புறுத்தவில்லை.

வியாழக்கிழமைகளை நிறுத்திவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னாள். நிறுத்திவிடு என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் கட்டடத்தை நடத்தியவர்கள் விடவில்லை, ஆள் பற்றாக்குறை. அவளும் தனக்கு அதுவே தண்டனை என்று நினைத்தோ என்னவோ மறுபடியும் வந்தாள். இந்த முறை பழைய கறாரை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டு வந்தாள். யார் எதைச் சொன்னாலும் வேண்டாம், ஓடாது, விட்டுவிடு. சிரிப்பதில்லை, மசாலா கேக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் உட்காருவதுகூட இல்லை. நின்றபடியே பேசிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள்.

கெர்டா என்று ஒரு நர்ஸ் வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்தவள். தன்னைப்போல் ராத்திரி வேலை பார்க்கிறவர்களின் குழந்தைகள் தங்கித் தூங்குவதற்கு ஒரு காப்பகம் நடத்த நினைத்தாள். யான்டினா பாதி கேட்கும்போதே மறித்தாள். அனுமதி கிடைக்காது, ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்காது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றாள். கெர்டா மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரி வேலையிலேயே தொடர்ந்தாள்.

கொஞ்ச காலம் கழித்து அஸ்ஸென் நகரத்தில் வேறு யாரோ அதேபோன்ற காப்பகத்தைத் திறந்தார்கள். காத்திருக்கிற குழந்தைகளின் வரிசை நீளம் என்று பத்திரிகையில் வந்தது. அந்தச் செய்தியை யான்டினாதான் ரயிலில் படித்தாள், பிறகு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். 

“கெர்டாகிட்ட நான் ஒரு ஆளைக்கூட விசாரிக்காம பேசினேன். அனுமதி கிடைக்காதுன்னேன். கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்கு என்ன தெரியும்? தார்ப்பாய் தச்சவ நான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “முதல்ல அந்த ரெண்டு பேரும் போயிடக் கூடாதுன்னு ஆமான்னேன். இப்ப யாரும் என்னைக் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு இல்லன்னேன். ரெண்டுலயும் அவங்க எங்க இருக்காங்க?” என்று கேட்டாள்.

 ஜன்னலுக்கு வெளியே உழுத வயல்கள் ஈரமாகக் கிடந்தன.

கெர்டாவைத் தேடி ஆஸ்பத்திரி காண்டீனுக்கே போனாள். கெர்டா கோபப்படவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, நீங்கள் வேண்டாம் என்றதும் உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது என்றாள். யான்டினா அந்த நிம்மதியை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதாவது விசாரிப்போமா என்று கேட்டாள். நகராட்சியில் அனுமதி கொடுக்கிற அலுவலருக்கு யான்டினாவின் போனிலிருந்தே பேசினார்கள், பேசியது கெர்டா. யான்டினா பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த அலுவலர் சொன்னதில் பாதி நல்லதாகவும் பாதி கெட்டதாகவும் இருந்தது. போனை வைத்ததும் இருவரும் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். கெர்டாவின் காப்பகம் இன்றுவரை திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து சின்னதாக ஏதோ முயற்சி செய்கிறாள் என்று கேள்வி.

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் அவள் வழக்கம் மாறிப்போனது. யார் வந்து யோசனை கேட்டாலும், இதை வாங்கப்போகிறவர் யார், அவருக்கு நீங்களே போன் செய்யுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பாள். சிலருக்கு அது எரிச்சல். அனுபவசாலி என்று நம்பி வந்தால் போனைக் கையில் கொடுக்கிறாளே என்று என்னிடம் வந்து புலம்பியவர்கள் உண்டு. ஓர் இளைஞன், “நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க, சும்மா காப்பி குடிக்கவா?” என்றே கேட்டான். “ஆமா, காப்பி நல்லா இருக்கும் இங்க” என்றாள். அவன் போன் செய்து முடித்து, எதிர்முனையில் வேண்டாம் என்றதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவர் வேறு ஏதாவது அர்த்தத்தில் சொல்லியிருப்பாரோ என்று கேட்டான். இல்லை, வேண்டாம் என்றுதான் சொன்னார் என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் கை மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

குற்ற உணர்வு அவளை விட்டு முழுக்கப் போகவில்லை. போகும் என்று அவளும் நினைக்கவில்லை. நார்வே என்ற பெயர் வானிலை அறிக்கையில் வந்தால்கூட அடுத்த அலைவரிசைக்கு மாற்றிவிடுவாள் என்று ஹெம்மோ சொன்னான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நகரத்தில் மீன் சந்தைத் திடலில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். கடைக்காரர் தட்டை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஃபெம்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து பெரிய வெங்காயத்தாள் போன்ற லீக் தண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்துவிட்டாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன், நின்றாள். “மோய்” என்றாள். நாங்களும் “மோய்” என்றோம். எங்கள் பக்கத்தில் வணக்கம், போய்வருகிறேன், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

அஸ்ஸெனில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் இடத்தில் வேலையாம். நல்ல ஆட்கள், சலிப்பான கட்டில் என்றாள். மெல்லெவுக்கு பெர்கனில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள், வானிலை சொல்வதுபோல.  மன்னிப்புக் கேட்கும் வார்த்தை யான்டினாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் போனவளுக்கு அது தெரியாதா. அவள் அதை விழுங்கிவிட்டு, கட்டிலில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். ஃபெம்கே சொன்னாள். நோயாளியைத் திருப்பிப் போடும்போது விரிப்பு நழுவாமல் இருக்க ஒரு பட்டை வடிவமைக்கிறார்களாம்; தையல் எங்கே போட்டாலும் முதுகில் உறுத்துகிறதாம். யான்டினா ஒரு யோசனையும் சொல்லவில்லை. எங்கே உறுத்துகிறது, யார் சொன்னார்கள், என்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்று கேள்வி மட்டும் கேட்டாள். ஃபெம்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையால் காற்றில் வரைந்து காட்ட ஆரம்பித்தாள். தூறல் விழும்வரை பேசினார்கள். பிறகு அவள் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

இதற்கிடையில் மீன்காரர் இன்னும் எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். யான்டினாவும் கவனமில்லாமல் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் கனமான ஒரு பையை எடுத்து நீட்டினார்.

ரயிலில் நான்தான் கேட்டேன். “மன்னிச்சிட்டாளா?”

“நான் கேக்கல” என்றாள்.

ஆப்பிங்கெடாமில் இறங்கியதும் மீனில் பாதியை என் பைக்கு மாற்றினாள். ஹெம்மோவுக்குத் தட்டை மீன் பிடிக்காது. அன்று சாயங்காலம் நான் அதை வெண்ணெயில் பொரித்தேன், மோசமில்லை.